ஹீட்டரைத் தின்னும் தண்ணீர்

தருமபுரி மாவட்டத்து வீடுகளில் வாட்டர் ஹீட்டர் மாற்றும் செலவு ஏன் இத்தனை சீக்கிரம் திரும்பத் திரும்ப வருகிறது? காவிரி பாயும் மாவட்டத்தின் குளியலறைகளில் வரும் தண்ணீர் எது?

ஒகேனக்கல்லுக்குப் போகிறவர்கள் மூன்று காரியங்களைச் செய்யாமல் ஊர் திரும்ப மாட்டார்கள். பரிசல் ஏறுவது, சுடச்சுட மீன் வறுவல் சாப்பிடுவது, உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவியில் தலையைக் கொடுப்பது. தோளிலிருந்து குதிகால்வரை ஏறிய அந்த எண்ணெய்ப் பிசுக்கு, காவிரித் தண்ணீரில் கொஞ்சம் சீயக்காயோ சோப்போ பட்டால் போய்விடும்.

அங்கிருந்து 46 கிலோமீட்டர் தள்ளித் தருமபுரி நகரம். ஆழ்துளைக் கிணற்றை நம்பியிருக்கும் ஒரு வீட்டில் அதே எண்ணெய்க் குளியலை எடுத்துப் பாருங்கள். சோப்பு நுரைக்காது. தலைமுடி சிக்குப் பிடிக்கும். வாளியின் உள்பக்கம் வெள்ளை வளையம் விழுந்திருக்கும். ஷவரில் பாதி ஓட்டைகள் அடைத்திருக்கும். சுவரில் தொங்கும் ஹீட்டருக்குள்ளிருந்து கடகடவென்று ஒரு சத்தம் வரும். ஒரு மார்கழியில் மெக்கானிக் வந்து, "காயில் போயிடுச்சு" என்பார். அடுத்த மார்கழியில், "டேங்க்கே ஓட்டை, புதுசுதான் வாங்கணும்" என்பார்.

வீட்டுக்காரர் உடனே குறை சொல்வது கம்பெனியைத்தான். அடுத்த முறை வேறு கம்பெனி, கூடுதல் விலை, கூடுதல் வருட உத்தரவாதம். நாலைந்து வருடத்தில் அதுவும் அதே கதிதான். ஹீட்டர் மாற்றும் செலவை நாம் மின்சாதனக் கடையின் பில்லில் தேடிக்கொண்டிருக்கிறோம். அந்தச் செலவு தொடங்குவது மொட்டைமாடித் தொட்டியில் ஏறும் தண்ணீரில்.

ஆறு பள்ளத்தில், ஊர் மேட்டில்

தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரம்தான் தமிழ்நாட்டுக்குள் காவிரி நுழைகிற பகுதி. ஒகேனக்கல்லுக்குச் சற்று மேலே, பிலிகுண்டுலுவில்தான் மத்திய நீர்வள ஆணையம் ஆற்றின் வரத்தை அளக்கிறது. ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. தண்ணீரைக் கர்நாடகம் விட வேண்டும் என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததும் அந்த இடத்து அளவை வைத்துத்தான். இத்தனை தண்ணீர் கடந்துபோகிற வட்டாரம், தலைமுறை தலைமுறையாகக் கிணற்றையும் போர்வெல்லையும் நம்பியே வாழ்ந்தது. காரணம் நில அமைப்பு. ஆறு ஓடுவது ஆழமான பள்ளத்தாக்கில். மக்கள் வாழ்வது பென்னாகரம், பாலக்கோடு, தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் என்று மேலேறிப் போகும் மேட்டு நிலத்தில். ஓசூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஒகேனக்கல்லோ அதற்கு அறுநூறு மீட்டருக்கும் கீழே.

மேட்டு நிலத்தின் அடியில் இருப்பது கடும்பாறை. மழைநீர் அதன் வெடிப்புகளுக்குள் இறங்கி, பல காலம் தங்கி, கனிமங்களைக் கரைத்துக்கொள்கிறது. போர் எவ்வளவு ஆழம் போகிறதோ, பல இடங்களில் அவ்வளவுக்கு உப்பும் கூடுகிறது. மக்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் ‘உப்புத் தண்ணி’. வேதியியல் சொல்வது கால்சியம், மெக்னீசியம் உப்புகளால் வரும் கடினத்தன்மை. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 10500 லிட்டருக்கு 200 மில்லிகிராம் கடினத்தன்மையை ஏற்கிறது. வேறு நீராதாரம் இல்லையென்றால் 600 மில்லிகிராம்வரை பொறுத்துக்கொள்கிறது.

ஒகேனக்கல் வட்டாரத்தில் நிலவியலாளர்கள் தேடிவரும் பாறை ஒன்று உண்டு. பெயர் கார்பனடைட். சுமார் 240 கோடி ஆண்டு வயதுடையது. உலகின் மிகப் பழைய கார்பனடைட்டுகளில் ஒன்று. அதில் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். ஹீட்டர் காயிலில் படிகிற வெள்ளைப் பொருக்கும் அதே கால்சியம் கார்பனேட்தான். மாவட்டத்துக் கிணறுகளின் கடினத்தன்மை முழுவதும் அந்தப் பாறையிலிருந்து வருவதில்லை, மற்ற பாறைகளின் கனிமங்களும் பங்கு கொடுக்கின்றன. ஆனாலும் நம் காலடிப் பாறையின் குணம்தான் நம் குளியலறைக்குள் வந்து படிகிறது.

இந்த நிலத்தடி நீரில் இன்னொரு கேடு உண்டு, அது கண்ணுக்குத் தெரியாது. ஃப்ளோரைடு. லிட்டருக்கு 1 மில்லிகிராம்வரை ஏற்கத்தக்கது, 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பல ஊர்களில் அந்த அளவு மீறியிருந்ததால் பிள்ளைகளின் பற்களில் பழுப்புக் கறை விழுந்தது. பெரியவர்களின் எலும்பும் மூட்டும் பாதிக்கப்பட்டன. அதற்கு மருந்தாக வந்ததுதான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃப்ளூரோசிஸ் தடுப்புத் திட்டம். ஜப்பான் நிதியுதவியுடன் சுமார் 1,928 கோடி ரூபாய்த் திட்டம். 2008 பிப்ரவரியில் முதல்வர் கருணாநிதி அடிக்கல் நாட்டினார். கர்நாடகத்தில் எதிர்ப்புப் போராட்டம் வெடித்தது, இங்கே பதில் போராட்டம் நடந்தது. எல்லாம் கடந்து 2013 மே மாதம் முதல்வர் ஜெயலலிதா திட்டத்தைத் தொடங்கி வைத்தார். ஒகேனக்கல்லில் எடுத்த காவிரித் தண்ணீர், யானைப்பள்ளத்தில் சுத்திகரிக்கப்பட்டு, மலையேறி மூன்று நகரங்களுக்கும் பேரூராட்சிகளுக்கும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட ஊரகக் குடியிருப்புகளுக்கும் போகிறது.

திட்டம் குடிக்கவும் சமைக்கவும்தான் முதலில் வகுக்கப்பட்டது. அது நியாயமும்கூட. மத்திய அரசின் ஜல் ஜீவன் திட்டம் ஊரகத்தில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்கிறது. குடித்து, சமைத்து, பாத்திரம் துலக்கிய பிறகு குளிக்கவும் துவைக்கவும் அது எத்தனை வீடுகளுக்குப் போதும்? அதனால்தான் பல வீடுகளில் இரண்டு தண்ணீர். சமையலறையில் குடத்தில் ‘காவேரித் தண்ணி’. மாடித் தொட்டியில் போர் தண்ணி. ஹீட்டருக்குப் போவது இரண்டாவது.

தொட்டிக்குள் நடப்பது

மின்சாரத்தைத் துண்டித்து, தண்ணீரை வடித்து, ஸ்டோரேஜ் ஹீட்டரின் அடிமூடியைக் கழற்றினால் ஒரு வட்டத் தகடு தெரியும். சுற்றிலும் நட்டுகள். அவற்றை அவிழ்த்துத் தகட்டைக் கீழே இறக்கும்போதே மணல்போல வெள்ளைத் துகள்கள் கொட்டும். தகட்டோடு வெளியே வரும் காயில், வாங்கும்போது பளபளப்பான வளைந்த உலோகக் குழாய். இப்போது அதன்மேல் விரல் பருமனுக்குச் சுண்ணாம்பு ஏறியிருக்கும். பக்கத்தில் மெலிந்த கம்பி ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். அதுதான் ஆனோடு ராட். மெக்னீசியம் உலோகத்தில் செய்த தடிமனான கோலாக இருந்தது, கரைந்து நடுக்கம்பி மட்டும் மிச்சம்.

தண்ணீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட், சூடேறும்போது கார்பனேட்டாக மாறிப் பிரிகிறது. சர்க்கரையும் உப்பும் சூட்டில் அதிகம் கரையும். கால்சியம் கார்பனேட்டுக்கு நேர் எதிர்க் குணம், சூடு கூடக் கூடக் கரையாமல் வெளியே வரும். தொட்டிக்குள் அதிகச் சூடான இடம் காயில்தான் என்பதால் முதலில் அதன்மேலேயே படிகிறது. 60 டிகிரிக்கு மேல் போனால் படிவு வேகமெடுக்கும்.

ஒரு சின்னக் கணக்குப் போடலாம். வீட்டில் ஒரு நாளைக்கு 50 லிட்டர் தண்ணீர் ஹீட்டர் வழியாகப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 18,250 லிட்டர். அந்தத் தண்ணீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 600 மில்லிகிராம் என்றால், ஒரே வருடத்தில் ஏறத்தாழ 11 கிலோ சுண்ணாம்புச் சத்து அந்தச் சின்னத் தொட்டியைக் கடந்து போகிறது. அதில் இருபதில் ஒரு பங்கு உள்ளே தங்கினாலும் அரைக் கிலோவுக்கு மேல். அதே வீட்டில் 150 மில்லிகிராம் கடினத்தன்மையுள்ள தண்ணீர் ஓடினால் கடந்து போவது மூன்று கிலோவுக்கும் குறைவு. கம்பெனியும் மாடலும் ஒன்றாக இருந்தாலும் இரண்டு வீடுகளில் ஆயுள் வேறாவது இதனால்தான்.

‘சுண்ணாம்பு படிந்தால் கரன்ட் பில் எகிறும்’ என்று பலர் சொல்வார்கள். கேஸில் எரியும் ஹீட்டரில் எரிபொருள் செலவு அப்படிக் கூடலாம். மின்சார ஹீட்டரில் காயில் தண்ணீருக்குள்ளேயே இருப்பதால் சூடு எப்படியும் தண்ணீருக்குத்தான் போயாக வேண்டும், பில்லில் பெரிய வித்தியாசம் வராது. கேடு வேறு விதத்தில் வருகிறது. சுண்ணாம்புப் போர்வைக்குள் அகப்பட்ட காயில் தன் சூட்டை இறக்க முடியாமல் அளவுக்கு மீறிக் காய்ந்து வெடிப்பு விடுகிறது. கடகடவென்ற அந்தச் சத்தம் படிவுக்குள் சிக்கிய தண்ணீர் ஆவியாகிக் குமுறுவது. தெர்மோஸ்டாட்டின் குழாயையும் பொருக்கு மூடிவிட்டால் அதற்குச் சரியான வெப்பம் தெரியாது. ஆனோடு ராட் கரைந்து முடிந்த பிறகு துரு நேராகத் தொட்டியைப் பிடிக்கும்.

நம் வீடுகளில் முன்பு வெந்நீர் காய்ந்தது செம்பு அண்டாவிலும் தவலையிலும். அடியில் பிடித்த பொருக்கு கண்ணெதிரே தெரிந்தது. புளிக்குப் பேர்போன மாவட்டம் இது; புளி போட்டுத் தேய்த்தால் பொருக்கு கரைந்துவிடும். புளியில் இருக்கும் அமிலம் செய்கிற வேலை அது. இன்றைக்கு ஹீட்டருக்குள் மெக்கானிக் ஊற்றும் சிட்ரிக் அமிலக் கரைசலும் செய்வது அதையேதான். ஹீட்டரின் தொட்டி மூடியிருப்பதால், பொருக்கு இருப்பதே நமக்குத் தெரிவதில்லை. தெரியாததால் வருடக்கணக்கில் யாரும் கழற்றிப் பார்ப்பதுமில்லை.

கடை விலையும் கடைசிச் செலவும்

சின்ன நகரங்களின் கடைகளில் இன்றைக்கு 15 லிட்டர் ஸ்டோரேஜ் ஹீட்டர், கம்பெனியையும் ஸ்டாரையும் பொறுத்து, சுமார் 6,000 முதல் 10,000 ரூபாய். 25 லிட்டர் என்றால் இன்னும் இரண்டாயிரம் மூன்றாயிரம் கூடும். மூன்று லிட்டர் இன்ஸ்டன்ட் மாடல் 3,000 ரூபாய் அளவிலேயே கிடைக்கும். 2018 ஜூலையில் ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அந்த 18 சதவீதம் பெரும்பாலும் விலைக்குள்ளேயே அடங்கியிருக்கும்.

பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டக் கூலி 500 முதல் 1,000 ரூபாய். இரண்டு கனெக்ஷன் பைப், ஆங்கிள் காக் என்று இன்னொரு 500 முதல் 1,000. பழைய பைப்பையே மாட்டச் சொல்லிச் சிலர் மிச்சம் பிடிப்பார்கள். உள்ளே சுண்ணாம்பு அடைத்த பைப்பைப் புது மிஷினில் மாட்டுவது வீண். புது மாடலின் துளைகளுக்கிடையே இடைவெளி வேறாக இருந்தால் சுவரில் மறுபடி டிரில் போட வேண்டும். டைல்ஸ் ஒன்று உடைந்தால் அந்தச் செலவு தனி. 16 ஆம்பியர் பிளக் பாயின்ட் கருகியிருந்தால் எலக்ட்ரீஷியனுக்கும் ஒரு தொகை. பழைய ஹீட்டரைக் காயலான் கடையில் போட்டால் சில நூறு கிடைக்கும். கூட்டிக் கழித்தால் 10,000 ரூபாய் ஹீட்டர் 12,000 ரூபாயில் வந்து நிற்கிறது.

நூறு நாள் வேலைத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு 2025-26ஆம் ஆண்டுக்கான தினக்கூலி 336 ரூபாய். பன்னிரண்டாயிரம் என்பது அந்தக் கணக்கில் 36 நாள் கூலி. ஓர் ஏழைக் குடும்பம் கடன் வாங்கி ஹீட்டர் மாட்டி, அது நான்கு வருடத்தில் ஓட்டையானால் அந்தக் குடும்பத்துக்கு அது பெரிய இழப்பு.

நான்கு வருடத்தில் மாற்றினால் வருடத்துக்கு 3,000 ரூபாய் ஆகிறது. வருடத்துக்கொரு முறை 700 ரூபாய் செலவில் உள்ளே சுத்தம் செய்து, தேவைப்படும்போது ஆனோடு மாற்றிப் பத்து வருடம் ஓட்டினால், எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 1,900 ரூபாய் சுமார். பத்து வருடத்தில் மிச்சமாகும் 11,000 ரூபாய் இன்னொரு ஹீட்டரின் விலை.

மாற்றுவதா, பழுது பார்ப்பதா?

தொட்டி ஒழுகுகிறதா என்பதுதான் முதல் கேள்வி. கனெக்ஷன் பைப்பிலோ, அடித்தகட்டின் ரப்பர் கேஸ்கட்டிலோ ஒழுகினால் அது சின்ன வேலை. தொட்டியே அரித்து ஒழுகினால் மாற்றுவதைத் தவிர வழியில்லை. உள்ளே கண்ணாடிப் பூச்சு உள்ள தொட்டியில் வெல்டிங் வைத்தால் பூச்சு போய்விடும். அப்படி ஒட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள்.

தொட்டி நன்றாக இருந்து, தண்ணீர் மட்டும் சுடவில்லை என்றால் காயில், தெர்மோஸ்டாட், தெர்மல் கட்-அவுட் மூன்றில் ஒன்றில் கோளாறு. காயில் 500 முதல் 1,200 ரூபாய். தெர்மோஸ்டாட் 300 முதல் 600. ஆனோடு 200 முதல் 500. கூலியும் சேர்த்து எல்லாவற்றையும் மாற்றினாலும் பெரும்பாலும் 3,000 ரூபாய்க்குள் முடியும். ஆறு வருடத்துக்கு உள்பட்ட, தொட்டி ஒழுகாத ஹீட்டரைத் தூக்கிப்போடச் சொன்னால், "கழற்றிக் காட்டுங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

உத்தரவாத அட்டையை வாங்கும் நாளிலேயே படியுங்கள். தொட்டிக்கு ஒரு காலம், காயிலுக்கு ஒரு காலம், மற்ற பாகங்களுக்கு ஒரு காலம் என்று மூன்று கணக்கு இருக்கும். தொட்டிக்கு ஏழு வருடம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். கடின நீரால் வரும் படிவுக்கும் பழுதுக்கும் பொறுப்பில்லை என்பது பல அட்டைகளில் பொடி எழுத்தில் இருக்கும். தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் வட்டாரத்து வீட்டுக்கு முதலில் முக்கியம் அந்தப் பொடி எழுத்துதான்.

கரன்ட் கணக்கு

25 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுபோக ஏறத்தாழ ஒரு யூனிட் மின்சாரம் வேண்டும். 2,000 வாட் ஹீட்டர் அதை அரை மணி நேரத்தில் முடிக்கும். நான்கு பேர் உள்ள வீட்டில் தினம் இரண்டு தொட்டி என்றால் இரண்டு மாதத்தில் 120 யூனிட். தமிழக அரசு வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இலவசமாகத் தரும் 100 யூனிட்டை ஹீட்டர் ஒன்றே தின்றுவிடுகிறது. மற்ற பயன்பாட்டோடு சேர்ந்து 500 யூனிட்டைத் தாண்டினால் இடையிலுள்ள யூனிட்டுகளின் விலையும் ஏறும்.

சமாளிக்கும் வழி எளிது. குளிக்க அரை மணி முன்பு போட்டு, குளிக்கப் போகும்போது அணைத்துவிடுங்கள். நாள் முழுக்கப் போட்டு வைத்தால் தொட்டியின் மேற்பரப்பு வழியே சூடு கசிந்துகொண்டே இருக்கும். ஸ்டார் முத்திரை அளப்பது இந்தக் கசிவைத்தான். போட்டு உடனே அணைக்கிற வீட்டுக்கு ஐந்து ஸ்டாரால் கிடைக்கும் லாபம் குறைவு; எப்போதும் ஆனிலேயே வைக்கும் விடுதிக்கு லாபம் அதிகம். தெர்மோஸ்டாட்டை 60 டிகிரிக்கு மேல் திருப்பாமல் இருந்தால் மின்சாரமும் மிச்சம், சுண்ணாம்பும் குறைவு.

இங்கே மட்டும் சிக்கனம் வேண்டாம்

ஹீட்டரில் தண்ணீர் உள்ளே நுழையும் இடத்தில் ஒரு வால்வு இருக்கும். தொட்டிக்குள் அழுத்தம் கூடினால் அது திறந்து சொட்டுச் சொட்டாக வெளியேற்றும். சுவர் நனைகிறது என்று அதன் வாயை எம்-சீல் வைத்து அடைக்கிற வீடுகள் உண்டு. தெர்மோஸ்டாட்டும் கட்-அவுட்டும் ஒரே நேரத்தில் பழுதானால் அந்தத் தொட்டி வெடிக்கும். சுண்ணாம்பு அதே வால்வையும் அடைக்கும் என்பதால், வருடாந்திர சுத்தத்தில் அதையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

வெடித்த காயில் வழியாகத் தண்ணீரில் மின்சாரம் இறங்கலாம். எர்த்திங் சரியாக இருந்து, வீட்டு மெயினில் கசிவைக் கண்டதும் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இருந்தால் உயிர் தப்பும். ஹீட்டர் மாற்றும் செலவோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேஸ் கீசர் வாங்க நினைப்பவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை. லண்டனில் 1868இல் பெஞ்சமின் வாடி மான் உருவாக்கிய முதல் கேஸ் கீசரில் புகைபோக்கி இல்லை. நூற்றைம்பது வருடம் கழித்தும் இந்தியாவில் சன்னல் மூடிய குளியலறைகளுக்குள் கேஸ் கீசரை மாட்டி, மணமில்லாத கார்பன் மோனாக்சைடுக்கு உயிரை இழப்பவர்கள் இருக்கிறார்கள். மாட்டுவதானால் குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் மாட்டி, சுடுதண்ணீரைக் குழாயில் உள்ளே கொண்டுவாருங்கள்.

வாளிக்குள் போடும் ஹீட்டர் ராட் சில நூறு ரூபாய்தான். பிளக்கைப் பிடுங்காமல் தண்ணீரில் கை வைக்கக் கூடாது என்பதை வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் அதை வீட்டில் வைக்காதீர்கள்.

இன்னொன்று: காய்ச்சினால் ஃப்ளோரைடு போகாது. தண்ணீர் ஆவியாகக் குறையக் குறைய அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும். ‘எப்படியும் சூடான தண்ணிதானே’ என்று ஹீட்டர் தண்ணீரைச் சமையலுக்குப் பிடிக்க வேண்டாம். கடினத்தன்மையும் ஃப்ளோரைடும் வேறு வேறு. சுண்ணாம்பு படியாத கிணற்றிலும் ஃப்ளோரைடு இருக்கலாம்.

செலவைக் குறைக்கும் வழிகள்

சோலார் வாட்டர் ஹீட்டருக்குத் தொடக்கச் செலவு இரண்டு மூன்று மடங்கு. ஆனால் ஒரு நாளைக்கு 100 லிட்டர் சூடாக்கும் சோலார் ஹீட்டர் வருடத்தில் 1,500 யூனிட்வரை மின்சாரத்தை மிச்சப்படுத்தும் என்கிறது மத்திய புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகம். ஒகேனக்கல் விடுதிகள்போல் அறைக்கு ஒரு ஹீட்டர் வைத்து வருடம் முழுக்கப் பயணிகளுக்கு வெந்நீர் தருபவர்கள் இதை யோசிக்க வேண்டும். கடின நீர் சோலாரையும் விடாது. மெல்லிய செப்புக் குழாய்கள் உள்ள மாடல் சீக்கிரம் அடைக்கும். உப்புத் தண்ணீர் ஊரில் கண்ணாடிக் குழாய் மாடலோ, வெப்பப் பரிமாற்றி வைத்த மாடலோதான் தாங்கும்.

வீடு முழுவதற்கும் வாட்டர் சாஃப்ட்னர் வைப்பது நல்ல தீர்வு. விலை அதிகம், அவ்வப்போது உப்புப் போட்டுப் புதுப்பிக்க வேண்டும். குழாயில் காந்தத்தை மாட்டினால் சுண்ணாம்பு படியாது என்று விற்கும் கருவிகளுக்கு உறுதியான ஆதாரம் இல்லை.

இலவசமாக வரும் மென்னீர் மழை. 2003இல் தமிழ்நாடு மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. பல வீடுகளில் அந்தக் குழாய் மண்ணில் போய் முடிகிறது. மழைநீரில் கடினத்தன்மை கிட்டத்தட்ட இல்லை. முதல் மழையைக் கழித்துவிட்டு, வடிகட்டி, தனித் தொட்டியில் பிடித்தால் ஹீட்டருக்குத் தினம் தேவைப்படும் 50 லிட்டரைப் பல வாரங்களுக்கு அதுவே கொடுக்கும். புதிதாக வீடு கட்டுபவர்கள் மாடியில் இரண்டு தொட்டி வைத்து, ஹீட்டர் லைனை நல்ல தண்ணீர்த் தொட்டியில் தனியாக எடுத்துவிடுவது அதிகச் செலவில்லாத வேலை.

வாங்குமுன் கேளுங்கள்

- காயில் எந்த உலோகம்? தொட்டியின் உள்பூச்சு கடின நீருக்கென்று செய்ததா?
- ஆனோடு ராட் தனியாகக் கிடைக்குமா? விலை என்ன?
- ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஸ்டார் முத்திரையும் இருக்கின்றனவா?
- சர்வீஸ் ஆள் உங்கள் ஊருக்கு வருவாரா, நீங்கள் தருமபுரிக்கோ ஓசூருக்கோ தூக்கிக்கொண்டு போக வேண்டுமா?
- மாடித் தொட்டியிலிருந்து தானாக இறங்கும் தண்ணீரா, பிரஷர் பம்ப் உள்ள வீடா? பம்ப் இருந்தால் 8 பார் அழுத்தம் தாங்கும் மாடல் வேண்டும்.

தண்ணீர் வந்தால் செலவு குறையும்

ஒகேனக்கல் திட்டம் இந்த இரு மாவட்டங்களின் பற்களையும் எலும்புகளையும் காக்க வந்தது. அந்த வேலை இன்னும் முடியவில்லை. ஊர்கள் பெருகிவிட்டன, ஓசூர் மாநகராட்சியாகிவிட்டது, தேவை கூடிவிட்டது. திட்டத்தின் அடுத்த கட்டத்தை அரசு அறிவித்திருக்கிறது. அதை விரைவாக முடித்து, குடிக்க மட்டுமல்லாமல் குளிக்கவும் போதுமான அளவுக்கு நல்ல தண்ணீர் கொடுக்க வேண்டும். உப்புத் தண்ணீர் குடும்பங்களின் மீது போடும் வரி எந்த அரசுக் கணக்கிலும் வருவதில்லை. ஹீட்டர், வாஷிங் மெஷின், குழாய், ஷவர், சோப்பு என்று அது ஒவ்வொரு வீட்டிலும் பிரிந்து கிடக்கிறது. திட்டத்தின் பலனைக் கணக்கிடும்போது அதையும் சேர்க்க வேண்டும்.

ஹீட்டர் விற்கும் நிறுவனங்களுக்கும் ஒரு கோரிக்கை. கடின நீருக்குப் பொறுப்பில்லை என்பதைப் பொடி எழுத்தில் மறைக்காமல், எத்தனை மில்லிகிராம் கடினத்தன்மைவரை இந்த மாடல் தாங்கும் என்று பெட்டியின் மேலேயே அச்சிடுங்கள்.

வாசகர்களே, தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டந்தோறும் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடம் உண்டு. பொதுமக்களும் கட்டணம் செலுத்திப் பரிசோதித்துக்கொள்ளலாம். அடுத்த ஹீட்டர் வாங்குமுன், உங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து அங்கே கொண்டுபோங்கள். கடினத்தன்மையும் ஃப்ளோரைடும் எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.